குணரத்தினம் சுவரேறிய கதை

நம்முடைய ஆட்களின் முகம் சுவரில் ஏறுவதற்கு இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, தேர்தலில் நிற்க வேண்டும். மற்றது, சாக வேண்டும். குணரத்தினம் தேர்தலில் நிற்கவில்லை. ஆகவே இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கின தெருவில், நாலு மாடி உயரத்துக்கு, கழுத்தில் மாலையோடு அவருடைய முகம் எழும்பியபோது சனம் என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தது. நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அழவும் தொடங்கிவிட்டது.

பலெர்மோவில் குணரத்தினத்தைத் தெரியாத தமிழர் குறைவு. அவரைப் பற்றி இரண்டு வசனம் சேர்ந்தாற்போலச் சொல்லக்கூடியவர்கள் அதைவிடக் குறைவு. "நல்ல மனிசன்" என்பார்கள். பிறகு கொஞ்சம் யோசிப்பார்கள். "நல்ல மனிசன்தான்" என்று முடித்துவிடுவார்கள். புங்குடுதீவில் பிறந்து, இளம் வயதில் இங்கே வந்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, குளிர்காலங்களில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கி, கடைசியில் சின்யோரா கோஸ்தா என்ற தொண்ணூறு தாண்டிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தவர். சின்யோராவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவார், மருந்து கொடுப்பார், தொலைக்காட்சியில் வருகிற எல்லாரையும் அந்த அம்மா ஏசும்போது ஓம் ஓம் என்று தலையாட்டுவார். வாயில்லாப் பூச்சி. ஒரேயொரு ஆடம்பரம் மீசை. சனிக்கிழமை தவறாமல் அதற்கு மை பூசுவார். பூசிவிட்டு, ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பல்லரோவில் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று, இதில் புழு இருக்குமா இருக்காதா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, பெயின்ற் தெறித்த காற்சட்டையோடு ஒரு சின்ன உருவப் பெண் வந்து அவரைப் படம் பிடித்தாள். பெயர் ஜினெவ்ரா. வடக்கே தொரினோவில் இருந்து வந்திருந்தாள். உலகம் முழுக்கச் சுவர்களில் பெரிய பெரிய முகங்களாகக் கீறுகிற ஓவியக்காரி. அந்த வருசம் நடந்த ஒரு நவீன கலை விழாவுக்காகப் பலெர்மோவில் அவளுக்கு ஒரு சுவர் கொடுத்திருந்தார்கள்.

"உங்கள் முகத்தில் கடல் தெரிகிறது" என்றாள் ஜினெவ்ரா. "நீங்கள் கடந்து வந்த கடல்."

"நான் பிளேனில வந்தனான், சின்யோரீனா" என்றார் குணரத்தினம் தனக்குத் தெரிந்த இத்தாலியனில்.

அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் கலைஞர்களை இப்படியான சின்ன விசயங்கள் தடுப்பதில்லை. உங்கள் முகத்தைக் கீறலாமா என்று கேட்டாள். குணரத்தினம் ஓம் என்றார். வீட்டுக்குப் போய் மனைவி ரதியிடம், "ஒரு பிள்ளை என்ரை படம் கீறப் போகுதாம்" என்று மட்டும் சொன்னார். ரதி பத்திரிகைத் தாள் அளவில் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு, "நல்லது, கத்தரிக்காய் எங்கை?" என்று கேட்டாள். சுவர் என்பதை அவர் சொல்லவில்லை. முடிந்த பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அவளை வாயடைக்கச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது இந்த இடத்தில்தான்.

ஜினெவ்ரா கூடை வைத்த லிஃப்ட் வண்டியில் ஏறி நின்று கீறினாள். குணரத்தினம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் சுத்து வழியால் போய், தெருமுனையில் நின்று, தான் வளர்ந்து வருவதைப் பார்த்தார். முதல் நாடி வந்தது. பிறகு மீசை வந்தது. மீசை மட்டும் ஒரு சின்னக் கார் அளவுக்கு இருந்தது. அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

முழுவதும் கறுப்பு வெள்ளை. நேரே பார்க்கிற முகம். சிரிப்புக் கிடையாது. கழுத்தைச் சுற்றி, சியாகுல்லி மண்டரின் பூக்களாம், வெள்ளை வெளேரென்று ஒரு மாலை. சிசிலி மண் இந்த மனிதனைத் தழுவிக்கொள்கிறது என்று ஜினெவ்ராவின் விளக்கம். அடியில் இடது பக்கத்தில் அவருடைய பேரும் அவர் பிறந்த வருசமும். வலது பக்கத்தில் ஜினெவ்ராவின் கையெழுத்தும் இந்த வருசமும். இரண்டு வருசத்துக்கும் நடுவில் சுவரில் ஏற்கெனவே இருந்த ஒரு வெடிப்பு, கோடு போட்ட மாதிரி. இது போதாதென்று விழாக்காரர் ஒரு பலகை வேறு நட்டிருந்தார்கள். அதில் ஓவியத்தின் தலைப்பு: 'இங்கே இல்லாதவர்.'

இனி நீங்களே சொல்லுங்கள்.

ஜினெவ்ரா வேலையை முடித்த அன்று ரதி வேலையிலிருந்து வந்த விதத்தை குணரத்தினம் மறக்க மாட்டார். கதவு படாரென்று திறந்தது. சப்பாத்து இரண்டும் கையில். தலை கலைந்து கிடந்தது. இவர் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டிருந்தார். ரதி கொஞ்ச நேரம் இவரையே பார்த்தாள். பிறகு வந்து கோப்பையைப் பறித்து அப்பால் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். இருந்தபடி தொடங்கினாள்.

"ஆர் உங்களுக்கு மாலை போட்டது? உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆர் மாலை போட்டது? நான் என்ன செத்தா போனன், கேக்க ஆளில்லை எண்டு?"

"அது மண்டரின் பூவப்பா..."

"மண்டரினோ மண்ணாங்கட்டியோ! ஒண்டில் அந்த மாலை இறங்கவேணும். இல்லாட்டி அந்த முகம் இறங்கவேணும். அதுவரைக்கும் நான் அந்தத் தெருவால வரமாட்டன்."

மகள் நிரோசினி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், சிசிலிக்காரர் மாதிரியே கையை ஆட்டி ஆட்டி இத்தாலியன் கதைக்கிறவள். "அம்மா, அது ஆர்ட்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. ரதியின் பார்வை அப்படி.

அடுத்த நாள் காலையில் ரதியின் போன் அடிக்கத் தொடங்கியது. யாரோ சுவரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி மிதுசன் முந்திக்கொண்டு இணையத்தில் மரண அறிவித்தலே போட்டுவிட்டான். யாழ். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் இத்தாலி பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட, ரதியின் அன்புக் கணவரும், நிரோசினியின் பாசமிகு தந்தையும், சிறந்த சமூக சேவையாளருமாகிய குணரத்தினம் அவர்கள். குணரத்தினம் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"சமூக சேவையாளராம்" என்றார் மெதுவாக. குரலில் கவலை இருந்ததாகச் சொல்ல முடியாது.

"எடுங்கோ போனை! எடுத்து உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ!" என்று ரதி கத்தினாள்.

எடுத்துச் சொன்னார். மிதுசனுக்கு லேசில் நம்பிக்கை வரவில்லை. "அண்ணை, உண்மையா நீங்கள்தானோ?" என்று சின்ன வயதுக் கதை இரண்டைக் கேட்டுச் சோதித்துவிட்டு, "அப்ப நான் லீவு எடுத்தது?" என்று குறைப்பட்டான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குணரத்தினத்தின் விசயத்தில், இருந்தபோது கிடைக்காத பொன் எல்லாம் இப்போதுதான் வந்து குவிந்தது. அறிவித்தலுக்குக் கீழே எவ்வளவு கண்ணீர்! அவரோடு ஒருநாளும் கதைக்காதவர்களெல்லாம் அவருடைய அன்பான பேச்சை மறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் கதவில் மணி அடித்தது. திறந்தால் நகுலேஸ்வரன். கையில் மலர்வளையம். பலெர்மோத் தமிழரின் எந்தக் கூட்டத்திலும் மைக்கை விடாதவர் நகுலேஸ்வரன். ஒரு பொங்கல் விழாவில் அவர் பேசிக்கொண்டே போக, சோறு ஆறுகிறதே என்று ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்த குணரத்தினம் வயரைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்த்ததில்லை. இன்றைக்கு அழுது சிவந்த கண்ணோடு வந்தவர், கதவைத் திறந்த பிரேதத்தைக் கண்டதும் மலர்வளையத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"டேய் குணம்! நீ சாகேல்லையோ?"

"இல்லை. உள்ளை வா."

"என்ன பகிடி இது? நான் காலமை துடக்கம் அழுதுகொண்டு நிக்கிறன்!" நகுலேஸ்வரனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "மத்தியானம் முழுக்க இருந்து அஞ்சலி உரை எழுதினனான். இதை இப்ப நான் என்ன செய்யிறது?"

அதுவும் நியாயமான கேள்விதான். குணரத்தினம் யோசித்துவிட்டு, "சரி, வாசி" என்றார். நகுலேஸ்வரன் கதிரையில் இருக்காமல் நின்றபடியே, மைக் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு வாசித்தார். நீண்ட உரை. குணரத்தினம் குறுக்கிடாமல் கேட்டார். 'அமைதிக்கு மீசை வைத்தால் அது எங்கள் குணம்' என்ற இடம் வந்தபோது கையை உயர்த்தி, "அதை இன்னொருக்கால் வாசி" என்றார். வாசித்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. குசினிக்குள் ரதி சட்டி பானைகளோடு சண்டை பிடிப்பது கேட்டது. மலர்வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோகும்படி அவள் சொன்ன சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்காகச் சொல்லிக் களைத்துப்போன குணரத்தினம், வேலை முடிந்து வந்து தன் படத்துக்குக் கீழேயே நிற்கத் தொடங்கினார். மேலே ஒன்று, கீழே ஒன்று, பார்த்தால் விளங்கும்தானே என்பது அவருடைய எண்ணம். விளங்கவில்லை. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி ஒருவர் வந்து, படம் எடுக்க வேண்டும், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார். அது நான்தான் என்று குணரத்தினம் மேலே காட்டினார். அந்த மனிதர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மரியாதையாகச் சிரித்துவிட்டு மறுபடியும் கையால் தள்ளி நிற்கச் சொன்னார்.

பல்லரோப் பெண்கள் வேறு. பலெர்மோவில் செத்தவர்கள் சும்மா இருப்பதில்லை. கும்பிட்டால் கனவில் வந்து லோத்தோ அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு நம்பர் சொல்லுவார்கள் என்று பழைய ஆட்கள் நம்புகிறார்கள். மாலையும் முகமுமாக ஒருவர் தெருவில் வந்து நின்றதும், மீன்காரி ஒருத்தி கீழே மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள். அடுத்த நாள் இன்னும் மூன்று திரி. குணரத்தினம் தன் படத்துக்குக் கீழே எரிகிற திரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, நான் சாகவில்லை என்று விளங்கப்படுத்தினார். "அப்படியென்றால் நம்பர் தெரியாதா?" என்று மீன்காரி கேட்டாள். தெரியாது என்றார். "பிறகு எதற்கு இங்கே நிற்கிறாய்?"

ஒருநாள் சின்யோரா கோஸ்தாவை வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த வழியால் வந்தார். அந்த அம்மாவாவது சொல்லட்டும் என்று ஒரு நப்பாசை. சின்யோரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரை நெடுநேரம் பார்த்தாள். "நல்ல முகம்" என்றாள். "நம்பக்கூடிய மனிசன் போல இருக்கு. ஆரெண்டு விசாரிச்சுப் பார். எங்களோட வேலைக்கு வருவானோ தெரியாது."

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. குணரத்தினமும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருக்கு உள்ளே எங்கேயோ நொந்தது. சின்யோரா வீட்டு அலுமாரி மேல் வரிசையாகப் படங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளின் கலியாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள். எல்லாவற்றிலும் குணரத்தினம் இருக்கிறார், சக்கர நாற்காலியின் பிடியில் ஒரு கையாக, ஒரு முழங்கையாக, ஒன்றில் மட்டும் அரைவாசிக் காதாக. இந்த ஊரில் அவரை முழுசாகப் பார்த்தது ஜினெவ்ரா ஒருத்திதான். அவள் பார்த்தது பார்த்தபடியே நாலு மாடிக்கு எழுதியும் வைத்துவிட்டாள். அது வேண்டும் அவருக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அந்த முகம் அங்கேயே இருக்க வேண்டும் என்று அவர் குழந்தைப்பிள்ளை மாதிரி ஆசைப்பட்டார். மாலை மட்டும் போனால் போதும். முகம் நிற்கும், ரதியும் ஆறுவாள்.

ஜினெவ்ராவிடம் போய்க் கேட்டார். அவள் சண்டை பிடிக்கவில்லை. போனில் படத்தை எடுத்து, கழுத்துப் பகுதியை விரலால் மறைத்துக் காட்டினாள். மாலையில்லாமல், நேரே முறைத்துப் பார்க்கிற, சிரிப்பில்லாத, பெரிய மீசை வைத்த ஒரு முகம். அடியில் பேர். குணரத்தினம் உற்றுப் பார்த்தார். பொலிஸ் தேடுகிற ஆள்.

"ஓம்" என்றார். "நானே என்னைக் கண்டால் பயந்திடுவன்."

"உங்களுடைய முகம். நீங்கள் வேண்டாம் என்றால் நான் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடுவேன்" என்றாள் ஜினெவ்ரா. "பாதியை மட்டும் அழிக்க என்னால் முடியாது. சனிக்கிழமை திறப்பு விழா. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு குணரத்தினம் திரிந்தார். துப்பவும் மனமில்லை, விழுங்கவும் முடியவில்லை. வீட்டில் ரதி அவரோடு மகள் வழியாகத்தான் கதைத்தாள். "நிரோசினி, உன்ரை கொப்பரைச் சாப்பிடச் சொல்லு." அவரும் இரண்டடி தள்ளி நின்று, "பசிக்கேல்லை எண்டு கொம்மாவிட்டைச் சொல்லு" என்பார். அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை வேறு. கடைசியில் அவள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தபால்காரி இல்லாமல் போனதால் கதைக்க வேண்டி வந்தது. ரதி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குணரத்தினம் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"இஞ்சேரும். ஒரு படத்துக்கு இவ்வளவு கோவமோ? பூதானே. சனத்துக்கு விசர், கதைச்சுப்போட்டு விட்டிடும். நீர் ஏன்..."

ரதி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சனம் கதைச்சதுக்கோ கோவம்? சனம் கதைக்க முதல் நான்தானே பாத்தனான்." செதில் ஒட்டின கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு வேலையால வரேக்கை அந்தத் தெருவால வந்தனான். திரும்பினால் நீங்கள் நிக்கிறியள். மாலையோட. கீழை வருசம் போட்டுக் கிடக்கு. ஒரு பிள்ளை படம் கீறினதெல்லாம் எனக்கு ஞாபகமே வரேல்லை. நீங்கள் போனை எடுக்கேல்லை. வேலை செய்யிற வீட்டிலையே ஏதோ நடந்து, எனக்குச் சொல்ல ஆளில்லாமல், படத்தை அடிச்சு ஒட்டிப்போட்டினம் எண்டு நினைச்சன். அந்தத் தெருமுனையில இருந்து வீட்டுக் கதவு மட்டும் நான் தாலியைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனான். நீங்கள் இருந்து இடியப்பம் திண்டுகொண்டிருக்கிறியள்."

குணரத்தினத்துக்கு அன்றைக்குத் தான் போனைச் சின்யோரா வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றவளை, படத்தைக் கண்ட கோபம் என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்தார். எவ்வளவு மடையன். சேர்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.

ஜினெவ்ரா லிஃப்ட் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் சுற்றிக்கொண்டிருந்தாள். குணரத்தினம் மேலே பார்க்காமலே சொன்னார்.

"அழிச்சு விடுங்கோ. எல்லாத்தையும்."

"நிச்சயமாகவா?"

"ஓம். என்ரை மனிசி பயந்துபோனா."

ஜினெவ்ராவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் தவறாத பிள்ளை. வெள்ளைப் பெயின்ற் வாளியைத் திறந்து, நீளத் தடியில் உருளையைப் பூட்டினாள். விழாவுக்குப் பொறுப்பானவர், வட்டக் கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதர், ஓடி வந்து, ஒரு முகம் மறைவதைப் பார்வையாளர் பார்ப்பதும் ஒரு கலை அனுபவம்தான், அதை வீடியோ எடுக்கலாமா என்று கேட்டார்.

ஜினெவ்ரா கூடைக்குள் கால் வைத்த நேரம் தெருமுனையில் ஒரு குரல்.

"நில்லு பிள்ளை!"

ரதி. இவர் போன போக்கைக் கண்டு பின்னாலேயே வந்திருக்கிறாள். கையில் இன்னும் மீன் செதில். வழியில் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறாள் போல, மற்றப் பக்கத்தால் நிரோசினியும் ஓடி வந்தாள். அந்தத் தெருவால் வரமாட்டேன் என்றவள் நடுத்தெருவில் நின்று, தலையை நிமிர்த்தி, முதல் தரமாக அந்தச் சுவரை ஆற அமரப் பார்த்தாள். ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்று பார்த்தாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"வடிவாத்தான் கீறியிருக்கிறாள்" என்றாள் கடைசியில். "அழிக்க வேண்டாமெண்டு சொல்லு."

"அப்ப மாலை?" என்றார் குணரத்தினம்.

"மாலை கிடக்கட்டும். மாலையோட ஒராள் தனிய நிண்டால் செத்த வீடு. மாலையோட ரெண்டு பேர் நிண்டால் கலியாண வீடு. இது கூடத் தெரியாமல் என்னத்தைப் படிச்சு என்னத்தைக் கீறுதுகளோ. பக்கத்தில இவ்வளவு சுவர் சும்மா கிடக்குதெல்லே? என்னையும் கீறச் சொல்லு."

நிரோசினி வாயைப் பிளந்தபடி மொழிபெயர்த்தாள். ஜினெவ்ரா உருளையைக் கீழே போட்டாள். ஓடிவந்து ரதியைக் கட்டிப்பிடித்தாள். மீன் செதில் அவளுடைய கன்னத்திலும் ஒட்டியது.

சும்மா சம்மதித்தாள் என்று நினைக்காதீர்கள். ரதி நிபந்தனைகளோடுதான் சுவரேறினாள். அவருக்கு இடப்பக்கம்தான் நிற்பேன், பெண்சாதி நிற்கிற பக்கம் அதுதான். வேலைக்குப் போகிற சட்டையோடு அல்ல, கூறைச் சேலையோடு. மூக்கு இருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம். பிறகு அந்தப் பலகை. "நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சைதானே நிக்கிறம், ஆர் இல்லாதவர்?" என்று அவள் கேட்ட கேள்விக்கு வட்டக் கண்ணாடிக்காரரிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. அவர் அதைத் தொடங்க முதலே பலகை பிடுங்கப்பட்டுவிட்டது. இந்த வருசத்தை எழுதின இடத்தில், மாலையின் பூ ஒன்று உதிர்ந்து கிடப்பதுபோலக் கீறி, ஜினெவ்ரா அதை மறைத்துவிட்டாள்.

ஒன்றே ஒன்றைத்தான் ரதி ஓவியக்காரியிடம் நம்பி விடவில்லை. குங்குமப் பொட்டு. பொட்டு இருந்தால்தான் புருசன் இருக்கிறான் என்று அர்த்தம், அதை வேறு ஆள் வைக்க முடியாது என்றுவிட்டாள்.

சனிக்கிழமைப் பின்னேரம் திறப்பு விழா. நகரசபைக்காரர், படம் பிடிக்கிறவர்கள், பல்லரோச் சனம், தமிழ்ச் சனம் எல்லாரும் அந்தச் சின்னத் தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் இரண்டு பேர் மாலையோடு நின்றார்கள். தமிழ்ச் சனத்துக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "அட, குணத்துக்கு அறுபதாம் கலியாணமெல்லே!" என்று நகுலேஸ்வரன் கூவினார். அறுபதுக்கு இன்னும் வருசம் கிடக்கிறது என்று குணரத்தினம் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாப்பாடு எங்கே என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

ரதி சேலைக்கு மேலே இடுப்புப் பட்டியும், தலையில் மஞ்சள் தொப்பியும், காலில் வேலைச் சப்பாத்துமாகக் கூடைக்குள் ஏறினாள். கையில் ஒரு பெரிய தூரிகையும் சிவப்புப் பெயின்ற் பேணியும். ஜினெவ்ரா பிடியை அழுத்தினாள். கூடை குலுங்கிக்கொண்டு எழும்பியது. "அம்மாளாச்சி!" என்ற சத்தம் ஒவ்வொரு மாடியிலும் கேட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் தன்னுடைய படத்தின் கண் அளவுக்குத்தான் இருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், அரிசி புடைக்கிற சுளகு அளவில் ஒரு வட்டத்தை அந்தப் பெரிய நெற்றியில் வைத்தாள். கறுப்பு வெள்ளைச் சுவரில் அது ஒன்றுதான் நிறம். கீழே கைதட்டல் தெருவை அடைத்தது.

பிறகு அவள் ஜினெவ்ராவிடம் கையைக் காட்டி ஏதோ கேட்டாள். கூடை இறங்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து குணரத்தினத்தின் முகத்துக்கு முன்னால் போய் நின்றது. ரதி தூரிகையை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, அவருடைய கன்னத்தில், மீசைக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கையை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ!" என்று மேலேயிருந்து கத்தினாள். "சுடுகுதப்பா!"

"காலமை துடக்கம் வெய்யில் அடிக்குதெல்லே!" என்று குணரத்தினம் கீழேயிருந்து கத்தினார். அவர் இந்த ஊருக்கு வந்து இவ்வளவு சத்தமாக ஒருநாளும் கதைத்ததில்லை.

கீழே சனம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்குவோமா என்று ஜினெவ்ரா கேட்டாள். ரதி கையை எடுக்காமல், கொஞ்சம் பொறு பிள்ளை என்றாள்.